ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து இன்றுதான் வீடு வந்து சேர்ந்தோம். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளக்கூட நேரமில்லை. ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறதே, ஊசி போட்டதை அதில் எழுதி வையுங்கள் மாமி என்று மருமகள் செல்மா சொன்னாள். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு எழுத்து தேவையில்லை. ஆனால் நாளைக்கு யாராவது வந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கக்கூடாதல்லவா. அதற்காக எழுதுகிறேன்.

ஜோவிட்டா என் மகன் ரெஜிஸுக்கு ஒரே பிள்ளை. எட்டு வயது. பொங்கலிலிருந்தே தண்ணீர் தண்ணீர் என்று கிடந்தாள். சோறு இறங்குகிறது, உடம்பில் ஒட்டவில்லை. கொல்லையில் அவள் ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் பார்த்தது நான். சொன்னதும் நான். “வெல்லத்தைத் தின்னிருப்பா மாமி” என்று சிரித்தது செல்மா. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

டவுன் டாக்டர் நல்ல மனுஷன். இது வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை என்றார். பிள்ளையின் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டதாம், உயிர் இருக்கும் மட்டும் காலையும் மாலையும் ஊசி போட வேண்டுமாம். பிள்ளைகளின் சர்க்கரைக்கென்று தனியாகப் படித்த டாக்டர் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும், இங்கே அப்படி ஆள் இல்லை, மதுரையில் திருக்கரம் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் பூங்கோதை இருக்கிறார், இந்தப் பக்கத்துக்கு அவரை விட்டால் வேறு வழியில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருந்துக் குப்பியைக் கொடுத்த நர்ஸ், “குளிர்ச்சியா வைங்க” என்றாள். அவ்வளவுதான். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பார்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மீன் விற்கிற வீட்டுக்கு எதற்குப் பிரிட்ஜ்? வந்தது அன்றே போய்விடும், மிஞ்சினால் என் ஐஸ் பெட்டி இருக்கிறது. செல்மா என்னைக் கேட்காமலே மருந்தைப் பக்கத்து வீட்டு மதலேன் பிரிட்ஜில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மதலேன் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்த அன்று, அழ வந்தவர்களை எழுப்பிவிட்டுத் தன் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனவள். அவள் மகனுக்கு அன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்களாம், உட்கார நாற்காலி வேண்டுமாம். அழ வந்திருந்த வயதான உப்பூர் மாமா கால் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து நான் அவள் வாசலை மிதித்ததில்லை. அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வந்தால் பூனைக்குப் போகும்.

பிள்ளைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மார்ச் 3

இன்று ஜோவி தானாகவே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இப்படிப் பழகவா பிள்ளை பெறுகிறார்கள்.

மார்ச் 7, செவ்வாய்

மதுரைக்கு நானும் செல்மாவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனோம். ரெஜிஸ் கடலில். முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு ஊரில் மாறி, மறுபடி மாறிப் போய்ச் சேர்ந்தால், அந்த டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும்தான் உட்காருவாராம். சீட்டு எழுதிய டாக்டருக்குத் தெரியாதா? செல்மா போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டேன். “அடிச்சேன் மாமி, யாரும் எடுக்கல” என்றாள். எடுக்காவிட்டால் எடுக்கும் மட்டும் அடிக்க வேண்டியதுதானே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜோவிக்குக் கை கால் நடுங்கி வேர்த்துக் கொட்டியது. ஊசி போட்டும் வேளைக்குச் சோறு போடாததால் வந்தது. டவுன் டாக்டர் சொல்லியிருந்தார். மடியில் முடிந்து வைத்திருந்த சீனியை வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஜன்னல் வழியாக மயில் காட்டினாள்.

மார்ச் 16, வியாழன்

வியாழக்கிழமையே போனோம். டாக்டரம்மா வரவில்லை. ஏதோ வெளியூர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அவருக்குப் பதிலாக யார் என்று கேட்டேன். மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் சர்க்கரை டாக்டர், சின்னப் பிள்ளைகளை நான் பார்ப்பதில்லை, கீழே பிள்ளைகள் டாக்டரிடம் போங்கள் என்றார். கீழே பிள்ளைகள் டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சர்க்கரை என்று சீட்டில் படித்ததும், இது அவங்க கேஸ், அளவை நான் மாற்றினால் தப்பாகிவிடும், பழைய அளவையே போடுங்கள் என்றார். இரண்டு பேரும் கத்தவில்லை, விரட்டவில்லை. ஆளுக்கொரு கதவைக் காட்டினார்கள்.

கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஒரு தேதி கொடுத்தாள். ஜூன் எட்டு. நான் மார்ச்சில் நின்றுகொண்டிருக்கிறேன். “அதுக்கு முன்னாடி எல்லா வியாழனும் நிறைஞ்சிருக்கு பாட்டி” என்றாள். ரோஸ் கலர் சுடிதார், நகத்தில் பாதி உதிர்ந்த சாயம்.

ஜோவி கேட்டாள், “அப்பாச்சி, ஜூனுக்குள்ள எனக்குச் சரியாயிருமா?” ஆகிவிடும் என்றேன்.

மார்ச் 25

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை விளையாட விடுவதில்லையாம். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்கிறாளாம். அந்த டீச்சருடைய அம்மாவை எனக்குத் தெரியும். சந்தையில் என்னிடம் நகரை மீன் வாங்கிக்கொண்டு, அழுகல் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவள். அந்தக் குடும்பமே அப்படித்தான்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

இன்று கோயிலில் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டு மதலேன் பேசியதை என் காதாலேயே கேட்டேன். எனக்கு முன் வரிசையில் நின்று தங்கச்சியிடம் சொல்கிறாள்: “எந் தயிருக்குப் பக்கத்துல சீக்காளி மருந்து. பிரிட்ஜைத் தொறக்கவே கூசுது. வாய் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாளா அந்தக் கெழவி? மருமவளை அனுப்பி வைக்கிறா.”

பூசை முடிகிறவரை பொறுத்தேன். பிறகு நேராக அவள் வீட்டுக்குள் போனேன். அந்த நாற்காலிகளில் ஒன்று இன்னும் நடுவீட்டில் கிடக்கிறது. பிரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குருத்தோலையோடு பின்னாலேயே வந்த அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

செல்மா அழுதாள். “பிள்ளை மருந்து மாமி. உங்க வீம்புக்கு இதுதானா கெடைச்சுச்சு?” என்றாள். வீம்பாம். மானம் என்றால் இவள் ஊரில் வீம்பு என்று பெயர்போல. திரும்பவும் அங்கே கொண்டுபோய் வைத்தால் நான் இந்த வீட்டில் கஞ்சி குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

குளிர்ச்சியாக வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீன் விற்கிறேன். என் ஐஸ் பெட்டியில் வைத்த சீலா மீன் மூன்றாம் நாளும் கண் மங்காது. எல்லாரும் ஐஸை மட்டும் உடைத்துப் போடுவார்கள், மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும். நான் ஒரு வரிசை ஐஸ், மேலே ஒரு கை கல்லுப்பு, மறுபடி ஐஸ் என்று போடுவேன். உப்புப் பட்ட ஐஸின் குளிர் வேறு, விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பெட்டியாகப் பார்த்துக் கழுவி, அப்படியே அடுக்கி, மருந்தைப் பாலிதீன் பையில் சுற்றி நடுவில் புதைத்தேன். ஜோவிதான் உப்பைத் தூவினாள். மூடியைப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டு, “யாரும் தொடக்கூடாது, இது எங் கடை” என்றாள்.

ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு

இந்த வாரம் முழுக்கப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட நடுக்கம் வரவில்லை. மருந்து மதலேன் பிரிட்ஜில் இருந்தபோது இரண்டு நாளைக்கு ஒருமுறை நடுங்குவாள், சீனி போடுவோம். இப்போது அதெல்லாம் இல்லை. செல்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

காலையில் எடுக்கும்போது மருந்து கல்லாக இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து உருட்டினால் இளகிவிடும். திரிந்த பால்போல வெள்ளையாகத் துகள் தெரிகிறது. நன்றாகக் குலுக்கித்தான் போடுகிறோம்.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகெல்லாம் கரையில். ரெஜிஸ் கேரளாப் பக்கம் வேலைக்குப் போகிறான். இரண்டு மாதம் சும்மா இருந்தால் அடுப்பு எரியாது. போகும்போது பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தான். “எடையே இல்லையேம்மா” என்றான். வளர்கிற பிள்ளை என்றேன். என்னையும் செல்மாவையும் சேர்த்து நிறுத்தி, மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றான். சண்டை போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அது நடக்காது என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரல் 20

பாயை நனைத்துவிட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு அவளே கொண்டுபோய் வெயிலில் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 23

தண்ணீர்க் குடத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை பார்க்கிற மிஷின் இருக்கிறது, அதில் செருகுகிற அட்டை தீர்ந்துவிட்டதாம். எப்போது வரும் என்று அந்த நர்ஸுக்கும் தெரியவில்லை. மதுரை டாக்டர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நாங்கள் எங்கே பார்த்தோம், சொல்வதற்கு.

செல்மாதான் தித்திப்பாக எதையோ கொடுக்கிறாள். நண்டு கம்பெனியில் வேலை முடிந்து வரும்போது முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள், எனக்குத் தெரியும். கேட்டால் சத்தியம் செய்கிறாள். “மருந்தையே ஒருக்கா பாருங்க மாமி, அதுதான் என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். உன் கண்ணுக்கு நான் செய்வதெல்லாம் என்னமோ மாதிரிதான் இருக்கும் என்றேன். சித்திரை பிறந்ததும் டவுனில் புதுக் குப்பி வாங்கிவந்து அதையும் ஐஸில்தான் வைத்தேன்.

ஏப்ரல் 27, வியாழன்

தேதி இல்லாமலே மதுரைக்குப் போனேன். செல்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுக் கூடவே வருவாள், வழியெல்லாம் மருந்து மருந்து என்பாள்.

பிள்ளையால் நடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். கதவருகில் டோக்கன் கொடுக்கிற ஆள், தேதி இல்லாதவர்களுக்கு டோக்கன் கிடையாது என்றான். கையெடுத்துக் கும்பிட்டேன். நான் என் மாமனாரைக்கூடக் கும்பிட்டதில்லை. அவன் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டினான். உள்ளே பெஞ்சு, தரை, படிக்கட்டு எங்கும் பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஜோவியைப்போல ஈர்க்குச்சிக் கையோடு. “அம்பூட்டுப் பேருக்கும் ஒரே டாக்டர். நான் யாரை எந்திரிக்கச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க” என்றான்.

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

அவசரம் என்றால் அவசர வார்டுக்குப் போங்கள் என்றான். போனேன். அங்கே வாந்தி இருக்கிறதா, மயக்கம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, “இல்ல, தாகம்தான்” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு ஊருக்குப் போக வேண்டும். ஓ.பி.யில் காட்டுங்கள் என்றார்கள்.

ஆஸ்பத்திரி மூடும் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா பின்பக்கமாகப் போய்விட்டாராம். காரை மட்டும் பார்த்தேன்.

மே 2

விடிந்ததிலிருந்து வாந்தி. செல்மா வேலைக்குப் போன பிறகு தொடங்கியது. பிள்ளையின் வாயில் பழ வாசனை வீசுகிறது, கனிந்த மாம்பழம்போல. அப்போதே நினைத்தேன், செல்மாதான் பழத்தைக் கொடுத்திருக்கிறாள் என்று. மத்தியானம் செல்மா வந்ததும் வாசலிலேயே வைத்துக் கேட்டேன். இல்லை என்றாள். கை நீட்டிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அடித்ததில்லை.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிப் பிள்ளையை மோந்து பார்த்தாள். “இது பழ வாசனை இல்ல மாமி” என்றாள். பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள், ஓடிவந்த நாய்போல. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

நூற்றெட்டுக்குப் போன் போட்டது மதலேன். அவளை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

மே 6, மதுரை

திருக்கரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் ஏற்றி, எங்களால் முடியாது என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். பிள்ளை கண்ணாடி அறைக்குள் இருக்கிறாள். சர்க்கரை ஏறி ரத்தமெல்லாம் புளித்துப்போய் மூளை வீங்கிவிட்டதாம், வாயில் வீசிய பழ வாசனையும் அதனால்தானாம்.

டாக்டர் பூங்கோதையைப் பார்த்துவிட்டோம். தேதியும் கேட்கவில்லை, டோக்கனும் கேட்கவில்லை. காலையில் வருகிறார், மாலையில் வருகிறார். சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருப்பு. பிள்ளை இப்படிக் கிடந்தால்தான் பார்க்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நேற்று அவர் மருந்துக் குப்பியைக் கேட்டார். செல்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியில் துகள் ஒட்டி நின்றது. ரெஜிஸ் கேரளாவிலிருந்து அப்போதுதான் வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

“இதை எங்க வெச்சிருந்தீங்க?” என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்மா சொன்னாள். “ஐஸ் பெட்டியில டாக்டர். உப்புப் போட்ட ஐஸ். நாந்தான் வெச்சேன்.”

டாக்டர் குப்பியை இறக்கினார். “யாரும் சொல்லலையா உங்களுக்கு? ஒருக்கா உறைஞ்சா இந்த மருந்து செத்துரும்மா. அதுக்கப்புறம் நீங்க போட்டது வெறும் தண்ணி.”

யாரும் சொல்லவில்லை. அது உண்மை. புருவத்தில் தழும்பு உள்ளவள் சொல்லவில்லை, ரோஸ் சுடிதார் சொல்லவில்லை, மாடி டாக்டர் சொல்லவில்லை, கீழே நாக்கைப் பார்த்தவர் சொல்லவில்லை. ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

ரெஜிஸ் செல்மாவைத் திட்டவில்லை. அவளைத் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நிற்பார்.

மே 9

கண் திறந்தாள்.

மே 14

இடது கையும் இடது காலும் கேட்கவில்லை. பேச்சு வருகிறது, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கிறாள். அப்பா என்றாள், அம்மா என்றாள். என்னைப் பார்த்து நெடுநேரம் யோசித்துவிட்டு அப்பாச்சி என்றாள். பயிற்சி கொடுத்தால் நடப்பாள், முன்போல ஓடுவாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மருந்தை எப்படி வைப்பது என்று ஒரு பெண் வந்து காட்டினாள். ஒரு மண்பானைக்குள் சின்னச் சட்டி, நடுவில் மணல், மணலை நனைத்து வைத்தால் போதும். அவ்வளவுதான். கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மணலைக் காட்டித்தர மதுரை வரை வர வேண்டியிருந்தது.

மே 28

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருவே வந்து பார்த்தது. ஐஸில் வைத்தது செல்மா என்பது எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. பெற்றவளே இப்படிச் செய்வாளா என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. மதலேன் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அன்று நான் பிரிட்ஜைத் திறந்து எடுத்துப்போனதைப் பார்த்தவள் அவள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் நின்றது, அவள் பேசிய எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்கவில்லை.

மாலையில் ஊசி நேரத்துக்குச் செல்மா குப்பியை எடுத்தாள். ரெஜிஸ் அவள் கையிலிருந்து அதை வாங்கி என்னிடம் நீட்டினான். “இனிமே மருந்து அம்மா கையிலதான். நீ தொடாத” என்றான்.

செல்மா சரி என்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 1

அடுப்படியில் அவள் தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டேன். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று.

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. “எம் மேல கோவம்னா நாலு மாசம் பேசமாட்டாரு, அப்புறம் சோறு கேப்பாரு. உங்க மேலன்னா செத்தாலும் பேசமாட்டாரு. உங்க புத்திதான அவருக்கும். இருக்குற ஒரு மகனும் இல்லாமப் போயிட்டா நீங்க என்ன செய்வீங்க?”

பிறகு, “உங்களுக்காக இல்ல மாமி. பிள்ளையை வெச்சுக்கிட்டு வீடு ரெண்டாப் போறதை என்னால பாக்க முடியாது” என்றாள்.

அவள் கன்னத்தில் நான் அடித்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்காலியை மன்னிக்காதவள் நான். இதை எப்படி மன்னிப்பேன்? எனக்குக் கெடுதல் செய்தவர்களை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியும். இவளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ரெஜிஸிடம் நானே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னம்மா என்றான். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

ஜூன் 8, வியாழன்

கொடுத்த தேதிக்கு மதுரைக்குப் போனோம். டோக்கன் கிடைத்தது. பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையைத்தான் போன மாதம் உள்ளே வைத்துப் பார்த்தாயிற்றே, இந்தத் தேதியில் வேறு பிள்ளையைப் போட்டுவிட்டோம் என்றார்கள். டாக்டரம்மாவே வெளியே வந்து, நின்றபடியே அளவைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். மாதாமாதம் பார்க்க வேண்டிய பிள்ளை என்று அவரே சொல்கிறார். அடுத்த தேதி செப்டம்பர். அவர் பின்னால் பெஞ்சு நிறையப் பிள்ளைகள். இந்தத் தடவை நான் யாரையும் முறைக்கவில்லை.

ஜூன் 15

தடைக்காலம் முடிந்து ரெஜிஸ் கடலுக்குப் போனான். செல்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் கட்டிக் கொடுத்த சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஜூன் 19

காலை ஊசி போட்டேன். ஜோவி இப்போது வயிற்றைத் தானாகக் காட்டுவதில்லை. நான் சட்டையைத் தூக்க வேண்டும், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். செல்மா நிலைப்படியில் நின்று, ஊசியில் மருந்து எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று கண்ணால் அளந்தாள். தொடமாட்டாள். கோடு சரியாக வந்ததும் உள்ளே போய்விடுவாள்.

பிறகு பிள்ளையைச் சுவரோரமாக நடக்கவிட்டேன். இடது கால் தரையில் இழுபடுகிறது. பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “அப்பாச்சி, நான் ஏன் இப்படி நடக்கேன்?” என்று கேட்டாள்.

நேற்றும் கேட்டாள். அதற்கு முந்தின நாளும் கேட்டாள். கேட்டது அவளுக்கு மனதில் நிற்பதில்லை. மயில் பார்த்தது நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள் பெயர் நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து என் பக்கத்தில் குந்தியிருந்து, சின்னக் கையால் கல்லுப்பை அள்ளி ஐஸின் மேல் தூவியதும் நினைவில்லை. செல்மா இனி வாய் திறக்கமாட்டாள். மதலேனும் திறக்கமாட்டாள்போல.

உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. செல்மா காதைக் கொடுத்து நிற்கிறாள் என்று தெரிந்தது.

“உனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல ஆத்தா, அதான்” என்றேன்.

“காய்ச்சலா?” என்றாள் ஜோவி. தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சொன்னதை நம்பி, சுவரைப் பிடித்து, அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

நாளைக்கும் கேட்பாள்.